தீபாவளி லீவில் தீவுக்குப் போய் சர்ஃபிங்: எந்த மாதம், எந்தக் கடல்? திருப்பூர்க்காரர்கள் டிக்கெட் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தீபாவளி போனஸ் கைக்கு வந்துவிட்டால் திருப்பூர் இரண்டே நாளில் காலியாகிவிடும். நிட்டிங், டையிங், ஜாப் ஒர்க் யூனிட் என எல்லா இடத்திலும் மெஷின் சத்தம் நின்றுபோகும். பனியன் கம்பெனிகள் ஒரு வாரம் வரை பூட்டிக் கிடக்கும். பொங்கலை விட்டால் இந்த ஊருக்கு இவ்வளவு நீளமான லீவு வேறு எப்போதும் கிடைக்காது.

வெளிமாவட்டத்துக்காரர்கள் சொந்த ஊருக்குக் கிளம்ப, உள்ளூர்ப் பசங்க டூர் பிளான் போட ஆரம்பிப்பார்கள். முன்பெல்லாம் ஊட்டி, வால்பாறை, கொச்சி. இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் ரீல்ஸ் வேறு. நீலக்கடல், தென்னை மரம், பலகை மேல் நின்றபடி அலையில் வழுக்கி வரும் ஒருத்தர். "மாலத்தீவு போலாமா, இலங்கை போலாமா?" என்று பேச்சு ஆரம்பித்து, நேராக விமான டிக்கெட் விலையைத் தேடுவதில் போய் நிற்கிறது.

அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அது அலையின் சீசன். சம்மர் ஆர்டரைக் குளிர்காலத்திலேயே தைத்து அனுப்பும் ஊருக்கு சீசன் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்கும் அப்படி ஒரு சீசன் உண்டு. சிக்கல் என்னவென்றால், திருப்பூர் லீவு விடும் வாரமும் பல தீவுகளில் நல்ல அலை கிடைக்கும் வாரமும் ஒத்துப்போவதில்லை. இதைப் பார்க்காமல் கிளம்பினால் பணம் மட்டும் வீணாகாது, உயிருக்கே ஆபத்தாகலாம்.

அலை எங்கிருந்து வருகிறது?

சர்ஃபிங் என்பது உடைந்து வரும் அலையின் முன்பக்கச் சரிவில் பலகையோடு வழுக்கி வருவது. மோட்டார், பாய்மரம் எதுவும் கிடையாது. அலைதான் எல்லாமே.

கரையில் நின்று பார்க்கும்போது அலை அங்கேயே உருவாவது போலத் தோன்றும். ஆனால் சர்ஃபிங்குக்கு ஏற்ற நீண்ட, சீரான அலைகள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பிறக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் பலத்த காற்று நாள்கணக்கில் வீசும்போது கடல் மட்டத்தில் ஏற்படும் அசைவு, சில நாட்கள் பயணம் செய்து மாலத்தீவு, இலங்கை, தமிழ்நாடு எனக் கரை சேர்கிறது. இதை ஸ்வெல் என்கிறார்கள்.

ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் அலையின் அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குறையும். மேல்பகுதி முன்னால் சாய்ந்து உடையும். அடியில் இருப்பது மணலா, பாறையா, பவளப்பாறையா என்பதைப் பொறுத்து அந்த அலை விளையாட்டா, விபத்தா என்பது முடிவாகும். மணலில் விழுந்தால் எழுந்து வரலாம். பவளப்பாறையில் விழுந்தால் தோல் கிழிந்துவிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். தூரத்தில் பிறந்த அலை, இங்கே வெயில் அடிக்கும் நாளில், காற்றே இல்லாத நேரத்தில் கூட திடீரென்று பெரிதாக வரலாம். கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. திருடன் மாதிரி சொல்லாமல் வரும் கடல். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது.

தீபாவளி வாரத்தில் என்ன சிக்கல்?

தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20-ஐ ஒட்டி வருகிறது. அதாவது, நமக்கு லீவு கிடைக்கும் நேரத்தில்தான் வங்கக்கடலில் காற்றின் திசை மாறுகிறது, மழை ஆரம்பிக்கிறது, புயல் சீசனும் சூடுபிடிக்கிறது.

காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து பலமாக வீசினால் அலை ஒழுங்கில்லாமல் உடையும். பெரிதாக இருக்கும், ஆனால் பழகுவதற்கு உதவாது. சென்னைக் கடற்கரைக்கும், இலங்கையின் கிழக்குக் கரைக்கும் இது பொருந்தும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டதை மறந்திருக்க மாட்டோம். நவம்பரில் டூர் போடுபவர்கள் இதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

சரி, எந்தத் தீவு, எந்த மாதம்?

திருப்பூரிலிருந்து எட்டும் தூரத்தில் நான்கு இடங்களைப் பார்க்கலாம்.

1. அறுகம்பே, இலங்கை கிழக்குக் கரை

அம்பாறை மாவட்டத்தில் பொத்துவில் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. உலகம் முழுவதும் இருந்து சர்ஃபிங் ஆட்கள் வரும் இடம். பொத்துவில் பகுதி மக்கள் தமிழ் பேசுபவர்கள் என்பதால் பாஷைப் பிரச்சினை இருக்காது. பேருந்தில், கடையில் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

சீசன்: ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் அக்டோபர் வரை. இங்குள்ள மெயின் பாயிண்ட் அனுபவசாலிகளுக்கானது. பக்கத்தில் விஸ்கி பாயிண்ட், பீனட் ஃபார்ம் போன்ற இடங்களில் புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். தீபாவளி நவம்பரில் வந்தால் இங்கே சீசன் முடிந்திருக்கும், பல கடைகளும் விடுதிகளும் கூட மூடியிருக்கும்.

2. வெலிகம, இலங்கை தெற்குக் கரை

ஒரே தீவு, ஆனால் நேர்மாறான சீசன். இலங்கைக்கு இரண்டு பருவக்காற்று இருப்பதால் ஒரு கரை கொந்தளிக்கும்போது மறு கரை அடங்கியிருக்கும். தெற்கு, தென்மேற்குக் கரையில் சர்ஃபிங் சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும்.

சிங்களத்தில் 'வெலி' என்றால் மணல், 'கம' என்றால் கிராமம். பெயருக்கு ஏற்றபடி வெலிகம விரிகுடாவின் அடிப்பகுதி மணல். அலை மெதுவாக உடையும். முதல் முறை பலகையில் ஏறுபவர்களுக்கு இந்தப் பட்டியலில் மிகவும் தோதான தீவு இதுதான். நவம்பர் தொடக்கத்தில் மழை குறுக்கிடலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை நம்பிப் போகலாம். பொங்கல் லீவு சரியாக இதன் நடுவில் வருவதைக் கவனியுங்கள்.

போவது எப்படி? கரூர் வழியாக திருச்சி போய், அங்கிருந்து கொழும்புக்கு விமானம். பறக்கும் நேரம் ஒரு மணி நேரம்தான். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அதிவேக நெடுஞ்சாலையில் சுமார் மூன்று மணி நேரம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கொழும்பிலிருந்து காலி வழியாக மாத்தறை போகும் ரயிலில் ஏறலாம். கடலை ஒட்டியே போகும் பாதை அது.

3. மாலத்தீவு

ரீல்ஸில் பார்த்த நீலக்கடல் இதுதான். இங்கே சர்ஃபிங் பரவியதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டோனி ஹைண்ட் 1973-ல் பயணம் செய்த படகு பவளத்திட்டில் மோதி நின்றுவிட, கரையேறியவர் அங்கிருந்த அலைகளைப் பார்த்தார். பிறகு அங்கேயே தங்கி, உள்ளூரிலேயே கல்யாணம் செய்துகொண்டு, அந்த அலைகளைப் பல வருஷம் வெளியே சொல்லாமல் அனுபவித்தார். 2008-ல், அதே கடலில் சர்ஃபிங் செய்தபோதுதான் அவர் இறந்தார்.

சீசன்: மார்ச் முதல் அக்டோபர் வரை. மாலே பக்கத்தில் துலுஸ்தூ தீவை ஒட்டி 'கோக்ஸ்', 'சிக்கன்ஸ்' என்று இரண்டு பிரபலமான அலைகள். அந்தத் தீவில் கோகோ கோலா ஆலை இருப்பதால் முதல் அலைக்கு அந்தப் பெயர். இரண்டுமே பவளப்பாறை மேல் உடையும் அலைகள், முதல் முறை போகிறவர்களுக்கானவை அல்ல.

இந்தியர்களுக்கு இலவச விசா அங்கே போய் இறங்கியதும் கிடைக்கும். கிளம்புவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பயண விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும். ரிசார்ட் வேண்டாம், உள்ளூர் மக்கள் வாழும் தீவில் கெஸ்ட் ஹவுஸ் போதும் என்றால் செலவு பெருமளவு குறையும். ஆனால் அந்தத் தீவுகளில் மது கிடையாது, நீச்சலுடைக்கும் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள்.

4. லிட்டில் அந்தமான்

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு ஒரே வழி. 'தொலைவான தீவு' என்ற சொல்லுக்கும் இதுதான் பொருத்தம். சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து கப்பலில் இரவுப் பயணமாக ஹட் பே. அந்தமானில் தமிழர்கள் கணிசமாக வாழ்வதால் தமிழ் அங்கே புதிய மொழி இல்லை.

நல்ல காலம் மார்ச் முதல் மே வரை. பட்லர் பே கடற்கரையில் மணல் அடியுள்ள அலை கிடைக்கும். மற்ற இடங்களில் பாறை. கவனிக்க வேண்டியவை மூன்று. உப்புநீர் முதலைகள் இருக்கும் தீவு என்பதால் உள்ளூர்க்காரர் கை காட்டும் இடத்தில் மட்டுமே இறங்க வேண்டும். ஓங்கே பழங்குடியினரின் காப்புப் பகுதிக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். மருத்துவ வசதி குறைவு, கப்பலும் வானிலையைப் பொறுத்துத் தள்ளிப்போகும். எனவே திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு நாட்களை இடைவெளி விட்டு வைப்பது அவசியம்.

"லட்சத்தீவு இருக்கே?" என்று கேட்கலாம். அங்கே தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையமும், உள்ளே அலையில்லாத காயலும் இருக்கும். டைவிங், கயாக்கிங்குக்கு அருமையான இடம். சர்ஃபிங் கற்றுக்கொள்ளப் போகும் இடம் அல்ல. நுழைவு அனுமதிச் சீட்டும் தேவை.

தீவுக்கு முன்னால் ஒரு கோவளம் போடுங்க!

ஒரு முறை கூட பலகையில் ஏறாதவர் நேராக விமானம் ஏறிப் போனால், முதல் இரண்டு நாள் கை வலியிலும் உப்புத் தண்ணீர் குடிப்பதிலுமே போய்விடும். அந்த இரண்டு நாளை சென்னைக்குப் பக்கத்திலேயே குறைந்த செலவில் முடித்துவிடலாம்.

சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் கோவளம், தமிழ்நாட்டு சர்ஃபிங்கின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. மீனவ இளைஞர் மூர்த்தி மேகவன் அலையில் பழகி, பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வளர்த்த இடம். இன்று அங்கேயும் மாமல்லபுரத்திலும் சொல்லித்தருபவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

திருப்பூர்க் கணக்குக்கு இது எப்படி ஒத்துவரும்? சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு, இரவு சேரன் அல்லது நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் ஞாயிறு காலை சென்னை சென்ட்ரல். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. ஒரு வகுப்பு ஒன்றரை மணி நேரம் வரை இருக்கும். பலகை, பயிற்சியாளர் எல்லாம் சேர்த்து சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய். இடத்தைப் பொறுத்து மாறும். ஞாயிறு இரவு அதே சேரனில் ஏறினால் திங்கள் காலை ஷிஃப்டுக்கு ஆள் ரெடி. என்ன, தோள்பட்டை மட்டும் ரெண்டு நாள் சொன்ன பேச்சு கேட்காது.

பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை பெரும்பாலான நாட்களில் இங்கே பழகுபவர்களுக்கான அலை இருக்கும். வெயில் ஏறி கடல் காற்று வலுப்பதற்கு முன், காலை நேரத்தில் இறங்குவது நல்லது.

கிணத்து நீச்சல் கடலுக்குப் போதுமா?

திருப்பூர், பல்லடம், தாராபுரம் பக்கத்தில் பலருக்கும் நீச்சல் வந்தது கிணற்றிலும் பி.ஏ.பி. வாய்க்காலிலும்தான். பயம் விட்டுப்போவதற்கு அது நல்ல பயிற்சி. ஆனால் கிணற்றில் இல்லாத ஒன்று கடலில் உண்டு. அதன் பெயர் ரிப் கரண்ட்.

அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதாவது ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்ப வேண்டும். அடியில் பள்ளமாக இருக்கும் ஒரு இடத்தில் அது ஆறு மாதிரி உள்நோக்கி ஓடும். வேகம் கூடும்போது ஒலிம்பிக் நீச்சல் வீரரால் கூட எதிர்த்து நீந்த முடியாது.

இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், அந்த இடம்தான் பார்க்க அமைதியாக இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரையோடு அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கருத்துத் தெரியும். "அங்க அலையே இல்ல, அங்க இறங்கலாம்" என்று நினைத்துப் போவார்கள். அங்கேதான் இழுப்பு இருக்கும்.

சிக்கினால் செய்ய வேண்டியது:
- கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். கடலில் மூழ்குபவர்கள் பெரும்பாலும் நீரோட்டத்தை எதிர்த்துச் சோர்ந்து போனவர்கள்.
- மல்லாந்து மிதந்து மூச்சைக் காப்பாற்றுங்கள். ரிப் கரண்ட் ஆளை வெளியே இழுக்குமே தவிர, அடியில் அமுக்காது.
- கையைத் தூக்கி உதவி கேளுங்கள்.
- தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் இடத்துக்கு வந்து அலையோடு கரை திரும்புங்கள்.
- பலகை இருந்தால் விடவே விடாதீர்கள். அதுவே மிதவை.

காப்பாற்றப் போகிறேன் என்று கூட வந்தவர் வெறும் கையோடு குதிப்பதில்தான் ஒன்றுக்கு இரண்டு உயிர் போகிறது. மிதக்கும் பொருளை எறியுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் கடலோரக் காவல் குழும எண் 1093, ஆம்புலன்ஸ் 108. இலங்கையில் ஆம்புலன்ஸ் எண் 1990.

பனியன் போட்டுக்கிட்டு இறங்கலாமா?

இந்தக் கேள்விக்கு திருப்பூர்க்காரர்களுக்கே பதில் தெரியும். பருத்தியின் ஈரம் ஏற்கும் அளவு 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு வெறும் 0.4. காட்டன் டிஷர்ட் தண்ணீரைக் குடித்துக் கனமாகி, தொங்கி, கையைத் தூக்க விடாது. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டையும் சீக்கிரம் இழுத்துவிடும்.

சர்ஃபிங்குக்குப் போடுவது ரேஷ் கார்டு. பாலியஸ்டர் அல்லது நைலானோடு ஸ்பான்டெக்ஸ் கலந்த, உடம்போடு ஒட்டிய துணி. பலகையில் நெஞ்சு உரசிப் புண்ணாகாமல் இருக்கவும், வெயில் சுடாமல் இருக்கவும் இது தேவை. வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையல் ஓவர்லாக்கில் மேடாக இருந்தால் அக்குளில் அறுக்கும். பிளாட்லாக்கில் தட்டையாக இருக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடும் ஊர் நம்முடையது.

டிக்கெட் போடும் முன் ஒரு செக்லிஸ்ட்

- பாஸ்போர்ட்: திருப்பூர், கோவை மண்டல அலுவலக எல்லைக்குள் வருகிறது. தீபாவளி நெருக்கத்தில் விண்ணப்பிக்காமல் சில மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.
- இலங்கை விசா: விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் முன் இலங்கை அரசின் இ.டி.ஏ. இணையதளத்தில் மட்டும் பாருங்கள். இடைத்தரகர் தளங்களில் கூடுதல் காசு போகும்.
- பயணக் காப்பீடு: பல பாலிசிகள் சாகச விளையாட்டுகளுக்குப் பணம் தராது. சர்ஃபிங் அடக்கமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.
- பயிற்சிப் பள்ளி: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், முதலுதவிப் பயிற்சி உண்டா, புதியவர்களுக்கு மெத்தென்ற ஃபோம் பலகை தருகிறார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.
- கடல் நிலவரம்: ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்தியக் கடற்கரைக்கான அலை, கள்ளக்கடல் எச்சரிக்கைகளைத் தினமும் வெளியிடுகிறது. அலர்ட் இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம்.
- மது: குடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் கூட நிற்காதீர்கள்.

அப்போ எப்படி பிளான் போடலாம்?

திருப்பூர் காலண்டரை வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது:

- தீபாவளி லீவு: வெலிகம. மழைக்கும் தயாராகப் போக வேண்டும். புயல் அறிவிப்பு இருந்தால் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக இருப்பது நல்லது.
- பொங்கல் லீவு: வெலிகம. முதல் தீவுப் பயணத்துக்கு இதுவே சிறந்த நேரம்.
- ஏப்ரல், மே: கோவளம், மாமல்லபுரத்தில் பழகலாம். கைவந்தவர்கள் லிட்டில் அந்தமான் அல்லது மாலத்தீவு.
- ஜூன் முதல் ஆயுத பூஜைக்கு முன் வரை: லீவு கிடைத்தால் அறுகம்பே.

குரூப்பில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் நீச்சல் தெரிந்திருக்காது. தெரியாதவரை "சும்மா இறங்குடா, ஒண்ணும் ஆகாது" என்று உசுப்பேத்துவதில்தான் பல டூர் கெட்டுப்போகிறது. நீச்சல் தெரியாதவர்கள் கரையில் இருந்து வீடியோ எடுக்கலாம். அவர்களுக்கு அடுத்த தீபாவளி வரை ஒரு வருஷம் இருக்கிறது. அதற்குள் நீச்சல் கற்றுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் பலகையில் ஏறிப் பார்த்துவிட்டால், தீவுக்கான டிக்கெட்டை நிம்மதியாகப் போடலாம்.